குன்னூரில் ஒரு நீலப் பூச்செடி

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயிலில் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் சந்தோஷம். போகாவிட்டால் இன்னும் சந்தோஷம். உங்களை அழைத்துக்கொண்டு போகும் புண்ணியம் எனக்குக் கிடைக்கிறது. வாருங்கள், ஏறி உட்காருங்கள். ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவசரக்காரர்களுக்கு இந்த ரயில் ஏற்றதல்ல. குன்னூர் வரையில் இந்தப் பாதை 1899-ம் ஆண்டிலும், உதகமண்டலம் வரையில் 1908-ம் ஆண்டிலும் திறக்கப்பட்டது. அன்று முதல் இன்று வரை வேகம் என்ற பேச்சே இதனிடம் கிடையாது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஒன்று தொடங்குகிறது. எஞ்சினின் பற்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி உயரம்! மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? 2005-ம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்த ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்துக்கொண்டது. அதற்காக ரயில் சற்றாவது கர்வப்பட்டு வேகமாக ஓடியிருக்க வேண்டுமே! ஊஹூம். பழைய நடைதான்.

சென்ற ஆண்டு மே மாதத்தில் நான் இப்படி மூன்று மணி நேரத்துக்கு மேல் மலையேறிப் போனது காட்சி பார்ப்பதற்காக அல்ல. கோடை விடுமுறைக்கு வரச் சொல்லி நண்பர் ஒருவர் அழைத்திருந்தார். போன பிறகுதான் தெரிந்தது, அவர் வீட்டு வாசலில் ஒரு பூச்செடிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருக்கிறது என்பது. தண்டனை நிறைவேறும் நாள் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை!

பூக்க மறுத்த செடி

நண்பரின் வீடு குன்னூரில் மேட்டுப் பக்கம், தேயிலைச் சரிவைப் பார்த்தாற்போல இருக்கிறது. அவருடைய தாயார் இருந்த காலத்தில் நான் பல முறை அங்கே தங்கியிருக்கிறேன். வாசற்படியின் இடப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு செடி. கோடை பிறந்துவிட்டால் போதும், ஒவ்வொரு கிளை நுனியிலும் பரங்கிப் பிஞ்சு அளவுக்கு ஒரு நீலப் பூப்பந்து! வானத்தைக் கிள்ளி எடுத்து உருண்டை பிடித்து வைத்தாற்போல இருக்கும். ஹைட்ரேஞ்சியா என்று அதற்குப் பெயர். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பழைய பங்களாக்களின் முன்னால் நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் தெரியாமல் இருந்திருக்கும்.

நண்பரின் தாயார் அந்தச் செடியைப் பெற்ற பிள்ளை போல் வளர்த்தார். பிறகு ஓர் ஐப்பசி மாதத்தில் அவர் காலமானார். அதற்கு அடுத்த கோடையில் செடியில் இலை இருந்தது, பூ இல்லை. அதற்கடுத்த கோடையிலும் அப்படியே. மூன்றாவது கோடையில்தான் நான் போய்ச் சேர்ந்தேன். செடியைப் பார்த்தேன். மதமதவென்று பச்சைப் பசேல் என்று நின்றது. பூ என்று பேருக்கு ஒன்று இருக்க வேண்டுமே!

“மூன்று வருஷமாகக் காத்திருந்துவிட்டேன். இனிமேல் பிரயோஜனம் இல்லை. நாளைக்கு ஆள் வருகிறான். வேரோடு எடுத்துவிட்டு அந்த இடத்தில் காருக்கு ஒரு கூரை போடலாம் என்று உத்தேசம்” என்றார் நண்பர்.

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் நண்பர் கடைக்குப் போயிருந்தபோது அந்தப் பெண் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். “அண்ணா, செடியை எடுக்கட்டும். எனக்கும் அதைப் பார்க்கப் பார்க்க மனசு சங்கடமாக இருக்கிறது. அத்தை போனதும் செடியும் பூப்பதை விட்டுவிட்டது. போன திவசத்துக்கு வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் எல்லார் முன்னாலும் சொன்னார், ‘மாமியார் கைக்குப் பூத்தது, மருமகள் கைக்குப் பூக்கவில்லை’ என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நான் அதற்கு என்ன குறை வைத்தேன்? தண்ணீர் விட்டேன். எரு போட்டேன். தை மாதம் காய்ந்த குச்சியாக நிற்கிறதே என்று ஒவ்வொரு போகிக்கும் ஆள் வைத்து முழங்கால் உயரத்துக்கு ஒழுங்காக வெட்டிச் சுத்தமாகக்கூட வைத்தேன்...”

இதைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. உங்களில் மலைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் யாராவது இருந்தால் இந்நேரம் “ஐயையோ!” என்று தலையில் கை வைத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அந்த ஞானம் மறுநாள் காலையில்தான் பிறந்தது.

வெட்ட வந்தவர் சொன்னது

மறுநாள் காலை கடப்பாரையும் மண்வெட்டியுமாக வந்தவர் 70 வயதைத் தாண்டிய பெரியவர். நல்ல உழைப்பாளித் தேகம். இலங்கையில் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-ம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களில் அவரும் ஒருவர். வாலிபராக நீலகிரிக்கு வந்து சேர்ந்தவர், அன்று முதல் தேயிலையும் பங்களாத் தோட்டங்களுமாகவே காலம் கழித்திருக்கிறார்.

அவர் செடியின் அருகே போனார். கடப்பாரையைக் கீழே வைத்தார். ஒரு கிளையைப் பிடித்து அடியிலிருந்து நுனி வரை தடவிப் பார்த்தார். பிறகு திரும்பி, “இதுக்கு யாரு கவாத்து செஞ்சது?” என்று கேட்டார்.

‘கவாத்து’ என்றால் செடியை முறையாகக் கழித்து வெட்டுவது. தேயிலைத் தோட்டங்களில் பிறந்த குழந்தைக்குக்கூட அந்த வார்த்தை தெரியும்.

“நான்தான் ஆள் வைத்து வெட்டினேன். போகிக்குப் போகி” என்றாள் நண்பரின் மனைவி.

“தேயிலை வெட்டுற ஆளா?”

“ஆமாம்.”

பெரியவர் சிரித்தார். “அதான் பாத்தேன். அவன் தேயிலைக்குச் செய்யறதை இதுக்கும் செஞ்சிட்டான். தேயிலையிலே நமக்கு வேண்டியது கொழுந்து. எவ்வளவு வெட்டினாலும் கொழுந்து வந்துடும். இதிலே நமக்கு வேண்டியது பூவு. இந்தச் செடி அடுத்த வருசத்துப் பூவை இந்த வருசமே குச்சிக்குள்ளே கட்டி வச்சிடும் அம்மா. நீங்க தையிலே வெட்டினது குச்சியை இல்லே, பூவை.”

பிறகு அவர் செடிக்குப் பின்புறம் போனார். அங்கே செடிக்கும் வேலிக்கும் நடுவே ஓர் ஆள் ஒண்டி நுழையத்தான் இடம். “ஐயா, இப்படி வந்து பாருங்க” என்று குரல் கொடுத்தார். நாங்கள் ஒவ்வொருவராக ஒடுங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம். வெட்டுகிறவன் கத்தி எட்டாமல் வேலிக்கு வெளியே சாய்ந்து போயிருந்தன மூன்று கிளைகள். தெருவில் யாரும் நடமாடாத பள்ளத்துப் பக்கம். மூன்றின் நுனியிலும் மூன்று நீலப் பூப்பந்துகள்!

யாரும் சற்று நேரம் பேசவில்லை. கடைசியில் அந்தப் பெண்தான் பேசினாள். “அப்படியானால் செடிக்கு ஒன்றுமில்லையா?” என்று கேட்டாள். கேட்டவள் பதிலுக்குக் காத்திராமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“செடி ராசா மாதிரி இருக்கு. வர்ற தையிலே மட்டும் கத்தியை ஒளிச்சு வச்சிடுங்க” என்றார் பெரியவர்.

நண்பர் பர்ஸை எடுத்து, வெட்ட வந்தவருக்கு வெட்டாமல் இருந்ததற்காகக் கூலி கொடுத்தார். கார் இன்றைக்கும் வெயிலில்தான் நிற்கிறது.

சிம்ஸ் பூங்காவில் ஒரு பாடம்

அன்று மாலை பெரியவரையும் அழைத்துக்கொண்டு சிம்ஸ் பூங்காவுக்குப் போனோம். குன்னூருக்கு வருகிறவர்கள் யாரும் இந்தப் பூங்காவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. மே மாதத்தில் பழக் கண்காட்சி நடக்கிறதே, அதே பூங்காதான். 1874-ம் ஆண்டில் ஜே. டி. சிம் என்ற அதிகாரியும் மேஜர் மர்ரே என்பவரும் முயற்சி எடுத்து உண்டாக்கியது. ஓர் ஓடைப் பள்ளத்தாக்கின் இரு சரிவுகளிலும் அமைந்திருப்பதால், இறங்கும்போது “அடடா!” என்கிறோம், ஏறும்போது “அப்பாடா!” என்கிறோம்.

ஒரு மர நிழலில் உட்கார்ந்து பெரியவர் சொன்னதையும், பின்னால் நான் தோட்டக்கலைப் புத்தகங்களில் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மலை ஊரில் வீடு இருப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள். இல்லாதவர்களும் கேளுங்கள், யாராவது ஒரு மலை ஊர்க்காரருக்குச் சொல்லி நல்ல பேர் வாங்கலாம்.

நம் மலைகளில் காணப்படும் பெரிய உருண்டைப் பூ ஹைட்ரேஞ்சியா, கோடையில் தொடங்கி மழைக்காலத்தில் பூத்து ஓய்கிறது. பிறகு இரவுகள் குளிரத் தொடங்கியதும் கிளைகளின் நுனிகளில் அடுத்த ஆண்டுக்கான மொட்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் உருவாகிவிடுகின்றன. குளிர்காலம் முழுவதும் அவை அங்கேயே தூங்குகின்றன. வெளியே பார்த்தால் காய்ந்த குச்சி. உள்ளே அடுத்த வருஷத்துக் கொண்டாட்டம். ஆகையால் வெட்ட வேண்டிய காலம் பூ ஓய்ந்த உடனே. பெரியவருடைய கணக்கு மிகவும் சுலபமானது: “ஆடியிலே வெட்டலாம். ஆவணி முடிஞ்சா கத்தியைப் பூட்டிடணும்.”

நண்பரின் தாயாரும் ஆடி மாதத்தில்தான் கத்தரியை எடுப்பாராம். அது அப்போதுதான் மருமகளுக்கு ஞாபகம் வந்தது. “அத்தை ஆடியில் செடிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை” என்றாள்.

எப்படி வெட்டுவது? வாடிய பூவிலிருந்து கிளை வழியாகக் கீழே பார்த்துக்கொண்டு வாருங்கள். இலைக்காம்பும் கிளையும் சேரும் இடத்தில், எதிரும் புதிருமாக இரண்டு தடித்த மொட்டுகள் தெரியும். முதல் ஜோடி தென்பட்டதும் நிறுத்துங்கள். அதற்குக் கால் அங்குலம் மேலே கத்தரியுங்கள். அவ்வளவுதான். அதற்குக் கீழே போகாதீர்கள்.

இதோடு கூட, ஆண்டுதோறும் மிகவும் கிழடு தட்டிய கிளைகளில் நாலில் ஒரு பங்கைத் தரையை ஒட்டி அடியோடு எடுத்துவிட வேண்டும். தடித்து, வெளுத்து, பூ சிறுத்துப்போன கிளைகள் அவை. அவற்றை எடுத்தால்தான் அடியிலிருந்து இளங்கிளைகள் கிளம்பும். இப்படிச் செய்துகொண்டே வந்தால் நாலைந்து வருஷத்தில் செடி முழுவதும் புதிதாகிவிடும். ஒரு வருஷம்கூடப் பூ இல்லாமல் போகாது. நோஞ்சான் குச்சிகளையும் பட்டுப்போனவற்றையும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பட்டுப்போனதா என்று சந்தேகம் வந்தால் நகத்தால் தோலைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

நட்டு ஓரிரண்டு ஆண்டுகளே ஆன இளஞ்செடிக்குக் கவாத்தே வேண்டாம். வாடிய பூவை மட்டும் கிள்ளினால் போதும். நெடுநாள் கவனிக்காமல் காடாகிப் போன செடியானால், கிளைகளில் மூன்றில் ஒரு பங்கு வீதம் மூன்று ஆண்டுகளில் எடுத்துப் புதுப்பிக்கலாம்.

உதகமண்டலத்துக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுகிறதே, அது இந்த மொட்டுகளுக்கு எமன். ஆடியில் வெட்டத் தவறிவிட்டீர்களா? பிறகு தொடாதீர்கள். காய்ந்த பூப்பந்து அப்படியே கிளை நுனியில் இருக்கட்டும். அது கீழே இருக்கும் மொட்டுக்குக் குடையாகப் பனியைத் தாங்கிக்கொள்ளும். இங்கிலாந்து போன்ற குளிர் தேசங்களில் தோட்டக்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள். குளிர்காலம் கழிந்த பிறகே பழைய பூவை எடுக்கிறார்கள்.

அந்தத் தேசங்களில் இந்தச் செடியின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் இரண்டு பேர் உண்டு. ஒன்று ‘பானிகுலேட்டா’, கோபுரம் போல் கூம்பாகப் பூப்பது. மற்றொன்று ‘ஆர்போரசென்ஸ்’, அமெரிக்காவிலிருந்து வந்தது, வெள்ளை உருண்டையாகப் பூப்பது. இரண்டும் கடுங்குளிரைத் தாங்கிக்கொள்ளும். இவை புதுக்கிளையில் பூக்கும் ஜாதி. இவற்றைக் குளிர்காலத்தின் முடிவில் தாராளமாக வெட்டலாம். வெட்ட வெட்டப் பெரிய பூ! நண்பரின் மனைவி போகியில் செய்த காரியம் இந்தச் செடிகளுக்கு ஏறக்குறைய சரியான வைத்தியம். ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு விஷம் என்கிறோமே, அது இதுதான். கத்தரியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் உங்கள் செடி பழைய கிளையில் பூப்பதா, புதுக்கிளையில் பூப்பதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் தானே வரும்.

ஒரே செடி, இரண்டு நிறம்

பூங்காவிலிருந்து திரும்பியதும் நண்பர் வீட்டில் இன்னோர் அதிசயம் பார்த்தேன். பக்கத்து வீட்டு மதிலோரத்தில் ஒரு ஹைட்ரேஞ்சியா. நண்பரின் தாயார் தம் செடியிலிருந்தே குச்சி ஒடித்துக் கொடுத்து நட்டது அது. தாய்ச் செடியின் பூ நீலம். பிள்ளைச் செடியின் பூ ரோஜா நிறம்!

“மண்ணு ஐயா, மண்ணு” என்றார் பெரியவர்.

விஷயம் இதுதான். மண்ணில் புளிப்புத் தன்மை இருந்தால் அதிலுள்ள அலுமினியச் சத்து கரைந்து வேர் வழியாகப் பூவுக்கு ஏறுகிறது. பூவிலுள்ள சாயத்தோடு அது சேரும்போது நீலம் பிறக்கிறது. மண்ணின் புளிப்பை அளக்கும் ‘பி.எச்.’ கணக்கில் ஐந்தரைக்குக் கீழே இருந்தால் நீலம்; ஆறரைக்கு மேலே போனால் ரோஜா நிறம்; நடுவே இருந்தால் இரண்டும் கலந்த கத்தரிப்பூ நிறம். நீலகிரியின் பெருமழை மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போய்விடுவதால் அங்கே மண் இயல்பாகவே புளிப்பு. தேயிலைக்கும் அந்த மண்தான் பிடிக்கும். தேயிலை செழிக்கிற இடத்தில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூத்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. மதிலோரத்திலோ சுவரின் சுண்ணாம்பும் சிமெண்டும் மழையில் கரைந்து மண்ணில் இறங்கிப் புளிப்பைப் போக்கிவிடுகின்றன.

துருப்பிடித்த ஆணியை வேரில் புதைத்தால் பூ நீலமாகும் என்று சிலர் சொல்வார்கள். வீண் வேலை. நீலத்துக்குக் காரணம் அலுமினியம். ஆணியில் இருப்பதோ இரும்பு. நீலம் வேண்டுமானால் அலுமினியம் சல்பேட்டை மிகக் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். அதிகமானால் வேர் வெந்துவிடும், ஜாக்கிரதை. எலும்புத் தூளும் சூப்பர் பாஸ்பேட்டும் அலுமினியத்தைக் கட்டிப்போட்டுவிடும். நீலம் விரும்புகிறவர்கள் அவற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ரோஜா நிறம் வேண்டுமா? கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் போடுங்கள். வெள்ளைப் பூ ஜாதியை மட்டும் எந்த மண்ணும் மாற்ற முடியாது. அது வைராக்கியம் பிடித்தது.

இன்னொரு வேடிக்கை. நாம் இதழ் என்று நினைத்து மயங்குகிறோமே, அவை உண்மையில் இதழ்களே அல்ல. நிறம் பெற்ற புல்லிகள். உண்மையான பூ அவற்றின் நடுவே கடுகளவு ஒளிந்திருக்கிறது. அதனால்தான் மல்லிகை ஒரு நாளில் வாடும்போது, இந்தப் பூப்பந்து வாரக்கணக்கில் நிற்கிறது.

நாகசாகியிலிருந்து நீலகிரி வரை

இந்தச் செடியின் தாய்நாடு ஜப்பான். அங்கே இதற்கு ‘அஜிசாய்’ என்று பெயர். ஜூன் மாத மழையில் கோயில் தோட்டங்களில் இது பூப்பதைப் பார்க்க ஜனங்கள் திரண்டு போகிறார்கள். இதன் உறவுச் செடி ஒன்றின் இலையைப் பதப்படுத்தி இனிப்பான தேநீர் காய்ச்சுகிறார்கள். ஏப்ரல் 8-ம் தேதி புத்தர் பிறந்த நாளில் குழந்தைப் புத்தரின் சிலைக்கு அதைக் கொண்டு அபிஷேகம் செய்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு உங்கள் வீட்டுச் செடியின் இலையைக் கொதிக்க வைத்துவிடாதீர்கள்! தோட்டத்துச் செடியின் இலையும் மொட்டும் விஷத்தன்மை உள்ளவை. குழந்தைகளும் ஆடுமாடுகளும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பானிய ஹைட்ரேஞ்சியாவுக்குள் ஒரு குடும்பக் கதையும் இருக்கிறது. ஜப்பான் வெளிநாட்டாருக்குக் கதவைச் சாத்தியிருந்த காலம். நாகசாகித் துறைமுகத்தில் டச்சுக்காரர்களுக்கு மட்டும் ஒரு சிறு தீவில் இடம் கொடுத்திருந்தார்கள். 1823-ம் ஆண்டில் அங்கே வைத்தியராக வந்து சேர்ந்தார் ஸீபோல்ட் என்ற ஜெர்மானியர். டாகி என்ற ஜப்பானியப் பெண்ணோடு குடும்பம் நடத்தினார். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. வெளியே கொண்டுபோகக் கூடாத ஜப்பான் தேசப் படங்களை வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டி, 1829-ம் ஆண்டில் அவரை நாடு கடத்தினார்கள். மனைவியும் இரண்டு வயதுக் குழந்தையும் கரையில் நின்றார்கள். அவர் கப்பல் ஏறினார்.

ஐரோப்பா போன பிறகு ஜப்பானியச் செடிகளைப் பற்றி அவர் பெரிய புத்தகம் வெளியிட்டார். அதில் அழகான உருண்டைப் பூ ஹைட்ரேஞ்சியா ஒன்றுக்கு ‘ஒடாக்ஸா’ என்று பெயர் வைத்தார்.  மனைவியை அவர் ‘ஓடாகி சான்’ என்று கூப்பிடுவார். அதன் மரூஉதான் ஒடாக்ஸா! தடை நீங்கி 1859-ம் ஆண்டில் அவர் ஜப்பானுக்குத் திரும்பியபோது, கரையில் விட்டுப் போன குழந்தை 30 வயதைத் தாண்டியிருந்தாள். மேல்நாட்டு வைத்தியம் கற்ற முதல் ஜப்பானியப் பெண் என்ற பெருமையைப் பெற்றவள் அவள். நாகசாகி நகரத்தின் சின்னமான மலர் இன்றைக்கும் இதே ஹைட்ரேஞ்சியாதான்.

இப்படி வீட்டுப் பெண்கள் பெயரில் விளங்குவது இந்தச் செடியின் ஜாதகம் போலிருக்கிறது. குன்னூரில் அதை இன்றும் ‘அத்தை செடி’ என்றுதான் நண்பர் மனைவி சொல்கிறாள்.

நீங்களும் வளர்க்கலாம்

ஹைட்ரேஞ்சியா வளர்ப்பது கஷ்டமில்லை. காலை வெயில் படவேண்டும். பகல் வெயில் படக் கூடாது. வீட்டின் கிழக்குப் பக்கம் உத்தமம். மண் ஈரமாக இருக்க வேண்டும்; ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. மக்கிய எருவும் இலைச் சருகும் வேரடியில் மெத்தையாகப் போட்டு வையுங்கள். நடுப்பகலில் இலை துவண்டு தொங்கினால் உடனே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். சாயங்காலம் பாருங்கள். தானே நிமிர்ந்திருந்தால் அது வெயிலுக்குச் செய்த நாடகம். அப்போதும் துவண்டிருந்தால்தான் தாகம்.

புதுச் செடி வேண்டுமானால் பூக்காத இளங்கிளையில் நாலைந்து அங்குலம், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். அடி இலைகளை எடுத்துவிட்டு, நுனி இலைகளைப் பாதியாக நறுக்குங்கள். மணலும் இலை மக்கும் கலந்த தொட்டியில் ஊன்றி நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்கள். ஏறக்குறைய ஒரு மாதத்தில் வேர் பிடித்துவிடும்.

சமவெளி வாசகர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. மதுரையிலும் சென்னையிலும் இது பிழைப்பது கடினம். இரவில் குளிர் இல்லாவிட்டால் மொட்டே கட்டாது. மலையிலிருந்து தொட்டியில் பூவோடு வாங்கி வந்தால் அந்தப் பூ உள்ளவரை பார்த்து மகிழலாம். அடுத்த வருஷத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த ஆண்டு மே மாதத்தில் மறுபடியும் அந்தப் பல் வைத்த ரயிலில் ஏறினேன். சென்ற ஆண்டு ஆடி மாதத்திலேயே பெரியவர் வந்து, கிழட்டுக் கிளைகளை மட்டும் எடுத்துவிட்டுப் போயிருந்தார். போகியன்று வீடு முழுவதும் துடைத்தார்கள். செடியை யாரும் தொடவில்லை. கத்தரியை நிஜமாகவே பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாளாம் நண்பர் மனைவி.

வாசலுக்குப் போனதும் நான் எண்ண ஆரம்பித்தேன். முப்பத்தைந்து வரை எண்ணினேன். பிறகு காப்பி வந்துவிட்டது.

“உறவுக்காரர் வந்து பார்த்தாரா?” என்று கேட்டேன்.

“வந்தார் அண்ணா. பார்த்துவிட்டு, ‘பரவாயில்லையே, மாமியார் கை உனக்கும் வந்துவிட்டதே’ என்றார்.”

“நீ என்ன சொன்னாய்?”

“ஒன்றும் சொல்லவில்லை. நாலு பூ வெட்டிக் கொடுத்தனுப்பினேன்.”

புறப்படும்போது எனக்கும் வேர் பிடித்த செடி ஒன்றைத் தொட்டியோடு கொண்டுவந்து வைத்தாள். சென்னை வெயிலில் அதற்கு நேரப்போகும் கதியை நினைத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். “அப்படியானால் வருஷா வருஷம் மே மாதத்தில் இங்கேயே வந்து பார்த்துவிட்டுப் போங்கள்” என்று உத்தரவு போட்டுவிட்டாள். ரயில் டிக்கெட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.